வெள்ளைக் கோட்டு நடை

எங்கள் கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள் கோயிலில் என்னை ஏற்றி வல்லத்தில் இறக்கிவிட அரை மணி நேரம் ஆகும். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். ஒரகடம் கூட்ரோட்டில் டிரைவர் பிரேக் போடும்போது முன் ஸீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்கும். அதுதான் எனக்கு அலாரம். பதினேழு வருஷமாக இப்படித்தான் போய் வருகிறேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அதே சாலையில் செருப்பில்லாமல் நடக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகைப் பாதயாத்திரை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர், நான்கு நாள். முதல் நாள் நடை ஸ்ரீபெரும்புதூர் வரை, சுமார் 25 கிலோமீட்டர்.

பாதயாத்திரை என்றதும் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வருகிறது. திருத்தணியின் 365 படிகளைப் பற்றி என்னிடம் விசாரிக்காதவர்கள் குறைவு. படியில் ஒன்றுமே இல்லை. மூன்று நாள் நடந்து பழுத்த காலுக்கு அது கால் மணி வேலை. என்னைக் கேட்டால் இந்த யாத்திரையில் கஷ்டமான நாள் முதல் நாள்தான், சிப்காட் நாள். மேடு பள்ளம் கிடையாது, வளைவு கிடையாது, பாதி வழிக்கு மேல் மரமும் கிடையாது. இந்த வழியில் மனுஷன் நடப்பான் என்று யாருக்கும் தோன்றாமலே போட்ட ரோடு. நடக்கக் கற்றுக்கொண்டேன் என்று நான் சொல்லிக்கொள்வதானால், அதை அங்கேதான் கற்றேன்.

எங்கள் குழு சின்னது. இருபது பேருக்குள் அடங்கும். குருசாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரகடம் பக்கம் கழனி வைத்திருந்தவர். கழனி போயிற்று, நடை மிச்சம். கேன்டீன் நடத்தும் ஓர் அம்மா, ஆட்டோ ஓட்டுகிற இரண்டு பேர், ஓர் எலக்ட்ரீஷியன், பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற பையன்கள் நாலைந்து பேர், அப்புறம் மெயின்டனன்ஸ் ஃபிட்டரான நான். மாலை போட்டுவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. இருபது வயதுப் பையனும் சாமி, குருசாமியும் சாமி. மூட்டை முடிச்சும் அரிசி பாத்திரமும் குட்டி யானை வண்டியில் முன்னால் போய்விடும். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் துண்டு, திருநீறு, தண்ணீர் பாட்டில், எண்ணெய்க் குப்பி, முள்வாங்கி. அவ்வளவுதான் சுமை. காவடி குருசாமியின் தோளில்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுவார்கள். பச்சைத் தண்ணீரில் குளியல். ஈர வேட்டியோடு கிளம்பினால் பக்தி என்று புதுசாக வருகிற பையன்கள் நினைப்பார்கள். அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். ஈரத் துணி ஐந்தாவது கிலோமீட்டரில் உப்புக் காகிதம் மாதிரி ஆகிவிடும். தொடை உரசல் கண்டவனுக்கு அன்றைய நடை அங்கேயே முடிந்தது. உடம்பை ஒட்டத் துடைத்து, உலர்ந்த வேட்டி கட்டி, தொடையிடுக்கிலும் அக்குளிலும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பிறகு பாதம். விரல் சந்துகளில் எண்ணெய் கொஞ்சம்தான், அடிப்பாதத்தில் அறவே கூடாது. வழுக்கும், மணலும் ஒட்டிக்கொள்ளும். குதிகாலில் வெடிப்பு இருந்தால் முந்தைய ராத்திரியே வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசியிருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது பையன்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் யாரும் சிரிப்பதில்லை.

பாதம் ஒரு நாளில் தயாராவதில்லை. மாலை போட்ட நாளிலிருந்தே செருப்பு கிடையாது என்பதில் ஒரு பயிற்சி ஒளிந்திருக்கிறது. முதல் வாரம் மண் தரை, அடுத்த வாரம் சிமென்ட், அதற்கப்புறம் தார். இரண்டு மூன்று வாரத்தில் அடித்தோல் தடித்து, பார்ப்பதற்குப் பழைய பெல்ட் மாதிரி ஆகிவிடும். ஷூவுக்குள் வளர்ந்த கால் என்னுடையது. தொழிற்சாலைக்குள் சேஃப்டி ஷூ இல்லாமல் போக முடியாது. எட்டு மணி நேரம் இரும்பு மூக்கு வைத்த ஷூவுக்குள் வெந்து கிடக்கிற பாதம். அதை மூன்று வாரத்தில் திருப்பி எடுப்பது லேசான காரியமில்லை. மாலை போட்ட பிறகும் ஷிப்ட்டில் ஷூவைக் கழற்ற முடியாது. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போடுகிறேன், வெளியே வந்ததும் கழற்றுகிறேன்.

குகைக்குள் நரசிம்மர் இருக்கிற பாடலாத்ரி கோயில் அந்த நேரத்தில் திறந்திருக்காது. வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, குன்றைச் சுற்றிக்கொண்டு கிளம்புவோம். ரயில் பாதையைக் கடந்ததும் ஸ்ரீபெரும்புதூர் சாலை. இங்கே எனக்கும் குருசாமிக்கும் வருஷா வருஷம் ஒரு சண்டை உண்டு. அவர் காலத்தில் எல்லோரும் சாலையின் இடது ஓரம் நடந்தவர்கள். நான் வலது ஓரம்தான் என்று நிற்பேன். எதிரே வருகிற வண்டியைக் கண்ணால் பார்க்கலாம். முதுகுக்குப் பின்னால் வருவதைக் காதால்தான் பார்க்க வேண்டும். கார்களின் சத்தம் வரவர குறைந்துகொண்டே போகிறது. பாதயாத்திரை போன பக்தர்கள் மீது வண்டி மோதியது என்ற செய்தி பேப்பரில் வராத வருஷம் இல்லை. “எங்க அப்பா எடப்பக்கந்தான் நடந்தாரு, சாமி” என்பார். “உங்க அப்பா நடந்தப்போ மாட்டுவண்டிதானே வந்துச்சு, சாமி” என்பேன். கடைசியில் ஒத்துக்கொள்வார். ஒவ்வொருவர் பையின் பின்பக்கமும் முன்பக்கமும் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. காவடியின் மயில்பீலிக்கு நடுவிலும் ஒரு துண்டு. அதற்கு அவர் இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை.

நடையின் வேகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், உடம்பு புதுசாக இருக்கும், கால் தானாக ஓடும். அந்த ஓட்டத்தை நம்பியவன் மத்தியானம் உட்கார்ந்துவிடுவான். மணிக்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதற்குக் கடிகாரம் வேண்டாம், குருசாமி போடுகிற கோஷம் போதும். அவர் “வெற்றிவேல் முருகனுக்கு” என்றதும் மூச்சு வாங்காமல் “அரோகரா” வர வேண்டும். குரல் இழுத்தாலோ பாதியில் உடைந்தாலோ வேகம் அதிகம். பல வருஷம் அதை வெறும் பக்திக் கூச்சல் என்றே நினைத்திருந்தேன். கிழவர் அதை வைத்துக்கொண்டு இருபது பேருடைய மூச்சையும் அளந்துகொண்டிருந்தார்.

இன்னொரு விதி, குழுவிலேயே மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் போக வேண்டும். எங்களில் அது கேன்டீன் அம்மா. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது எங்கள் அசெம்பிளி லைன் பாடம். லைனில் எந்த ஸ்டேஷன் மெதுவோ அந்த ஸ்டேஷனின் வேகம்தான் லைனின் வேகம். மற்ற ஸ்டேஷன்கள் எவ்வளவு பறந்தாலும் நடுவில் சரக்கு குவியுமே தவிர, கடைசியில் வெளியே வரும் எண்ணிக்கை கூடாது. வேகமானவர்களை முன்னால் விட்டால் அவர்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். மெதுவானவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு ஓய்வே கிடைக்காது. இதைக் கற்றுக்கொடுக்க எங்கள் கம்பெனியில் பட்டம் வாங்கினவர்கள் படம் போட்டு வகுப்பு எடுத்தார்கள்.

அடியும் சின்னதாக இருக்க வேண்டும். எட்டிப் போட்டால் குதிகால் தரையை இடிக்கும், ஷூ இல்லாத குதிகாலுக்கு அந்த இடி நேராக முழங்காலுக்குப் போகும். சின்ன அடியில் பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படியும், தரையும் பாதத்துக்குத் தெரியும். இரண்டு அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோமீட்டருக்கு நாற்பதாயிரம் அடிக்கு மேல் ஆகிறது. ஓர் அடியில் இருக்கிற சின்னத் தப்பு நாற்பதாயிரம் தடவை திரும்ப நடக்கும்.

விடிகிறபோது ஆப்பூர் வந்திருக்கும். இடது பக்கமோ வலது பக்கமோ பார்த்துக்கொண்டே வந்தால் ஔஷதகிரி தெரியும்; மூலிகை மலை, மேலே நித்திய கல்யாணப் பிரசன்ன வேங்கடேசப் பெருமாள். காட்டு இலாகாவின் மரங்கள் இருக்கிற இந்தக் கொஞ்ச தூரம்தான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கிற உண்மையான நிழல். இங்கே உட்காரக் கூடாது என்பது என் கட்சி. நிழலில் நடந்தால்தான் தூரம் குறையும், வெயிலில் உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். குழுவில் இது எடுபடுவதில்லை. இட்லியைப் பிரித்துவிடுவார்கள்.

ஆறு மணிக்கு முன்னும் பின்னும் ஷிப்ட் பஸ்கள் ஆரம்பிக்கும். வெள்ளை பஸ்கள், ஒன்றன் பின் ஒன்றாக, ஜன்னலெல்லாம் திரை. உள்ளே என்னைப் போல நெற்றியைக் கம்பியில் சாய்த்துத் தூங்குகிறவர்கள். கீழேயிருந்து பார்க்கும்போது அந்த பஸ்ஸில் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். சில பேர் விழித்திருப்பார்கள், காவடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எட்டு மணிக்கு மேல் சாலையின் ஓரம் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். சாலையின் ஓரம் என்று பொதுவாகச் சொல்கிறோம். வெறுங்காலுக்கு அது ஐந்து தனித்தனி நாடு. முதலில் தார். அதன் விளிம்பில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே சரளை. அதற்கப்புறம் மண்ணும் நெருஞ்சியும். கடைசியில் மழைநீர்க் கால்வாயின் சிமென்ட் மூடி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்துக்கு நல்லது. காலையில் தார்தான் சுகம், பாய் விரித்த மாதிரி இருக்கும். ஒன்பது மணிவரை கால்வாய் மூடி, ஆனால் நாலு மூடிக்கு ஒன்று உடைந்திருக்கும், கண்ணை எடுக்க முடியாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் மண். சரளை எந்த நேரத்துக்கும் ஆகாது.

பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும். காற்றில் 37 டிகிரி இருந்தால் தாரில் 55-ஐத் தாண்டிவிடும். அப்போது மிச்சம் இருப்பது வெள்ளைக் கோடு மட்டும்தான். வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பக்கத்துத் தாரைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். நம்பாதவர்கள் ஒரு காலைக் கோட்டிலும் ஒரு காலைத் தாரிலும் வைத்துப் பார்க்கலாம். அரை அடிகூட அகலம் இல்லாத ஒரு கோடு, அதில் இருபது பேர் கம்பி மேல் நடக்கிறவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக. கஷ்டம் என்னவென்றால், கண்டெய்னர் லாரியின் இடது சக்கரமும் அந்தக் கோட்டைத்தான் தேடி வருகிறது. பாதத்துக்கு எது மிக நல்ல இடமோ அதுவே உயிருக்கு மிக மோசமான இடம். பெரிய வண்டி வரும்போது வெளியே சரளையில் இறங்கு, போனதும் ஏறு. மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. முன்னால் போகிற அம்மா கையை உயர்த்துவார், இருபது பேரும் சேர்ந்து இறங்குவோம். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தாளம் பிடிபட எனக்கு ஐந்தாறு வருஷம் ஆனது.

மூன்றாவது வருஷம் எனக்கு அந்தத் தாளம் தெரியாது. இறங்கி ஏறுவதில் சலித்துப்போய், வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று குழுவை விட்டுத் தனியாக வேகமாக நடந்தேன். மாத்தூர் தாண்டும்போது இரண்டு பாதத்திலும் முன்பக்கம் கொப்புளம். வலி பொறுக்காமல் உள்ளங்காலின் ஓரத்தில் நடந்தேன், கணுக்கால் பிடித்துக்கொண்டது. தாகம் எடுத்தபோதெல்லாம் வெறும் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தேன். ஒரு மணிக்குத் தலை கிறுகிறுத்தது, வியர்வை நின்றுபோனது, எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தோன்றியது என்றால் புத்தி எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்தது ஞாபகம். அப்புறம் குட்டி யானையின் தகரக் கூரைதான் ஞாபகம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த வருஷம் திருத்தணிக்கு பஸ்ஸில் போனேன்.

வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். நீர்மோரில் கல் உப்பு போடுவதை நான் ருசிக்காக என்று நினைத்திருந்தேன். மோர் கிடைக்காத இடத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. வாந்தி பேதிக்கு வீட்டில் கலக்கிக் கொடுக்கிற அதே கரைசல்தான். அரை மணிக்கு ஒரு தரம், தாகம் எடுக்கிறதோ இல்லையோ, நாலு மடக்கு. கொப்புளத்துக்கும் முறை மாறிவிட்டது. பழைய ஆட்கள் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு நூலை அப்படியே தொங்கவிடுவார்கள், நீர் வடியுமாம். அந்த நூல் வழியாகவே அழுக்கும் உள்ளே போகும். இப்போது சின்னக் கொப்புளத்தைத் தொடுவதில்லை. பெரியது என்றால் கொதிநீரில் போட்ட ஊசியால் ஓரத்தில் ஒரு குத்து, நீரை மெல்ல அழுத்தி எடுத்து, மேல் தோலைக் கிழிக்காமல் துணி கட்டு. அந்தத் தோலைவிட நல்ல பிளாஸ்திரி கடையில் கிடையாது.

காட்டில் நடக்கிறவனுக்கு முள். எங்களுக்கு டயர் கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறினால் ரப்பர் துண்டுக்குள்ளிருந்து மயிரிழை மாதிரி எஃகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் காற்றில் போய்விடும், கம்பி ஓரத்தில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, பாதத்தில் ஏறினாலும் ரத்தம் வராது, அடுத்த நாள்தான் குத்தும். அதோடு வெல்டிங் சிதறல், லேத்துச் சுருள், மூட்டை கட்டுகிற தகரப் பட்டை. குருசாமியின் இடுப்பில் அவர் அப்பாவின் முள்வாங்கி இருக்கிறது, ஒரு வளையத்தில் மூன்று சாமான்: கிடுக்கி, ஊசி, காதுக் குறும்பிவாங்கி. வேலங்காட்டு முள்ளுக்காக எந்தக் கொல்லனோ அடித்தது. ஸ்டீல் ரேடியல் டயரின் கம்பியை அது பிடிக்கிற பிடியை எங்கள் டூல் ரூம் ட்வீஸர் பிடிப்பதில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரகடம் கூட்ரோட்டில் மேம்பாலத்து அடி நிழலில் முக்கால் மணி நேரம் படுக்கை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நாங்கள் வந்த சாலையை வெட்டிப் போகிற இடம். குருசாமி படுக்க மாட்டார். உட்கார்ந்து திசை காட்டிக்கொண்டிருப்பார். 2010-இல் ரெனோ–நிஸான் கார் ஆலை திறந்தது, 2012-இல் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று எனக்கு வருஷங்கள் தெரியும். அவருக்கு அந்த இடங்கள் தெரியும். எது களம், எது மேய்க்கால், எந்த ஏரிக்கு எந்தப் பக்கம் மதகு. வருத்தமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் பேரன் அந்த ஆலை ஒன்றில்தான் வேலை பார்க்கிறான். கை நீட்டுவது நடையின் பழக்கம். வழியைச் சொல்லிக்கொண்டே போனால்தான் அடுத்தவனுக்கு வழி தங்கும்.

பக்கத்து வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. அதற்கு மேலடுக்கில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கூடக் கிடைத்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த செம்மண் பூமியும் இங்கிருந்து தொலைவில்லை. கல்லைச் செதுக்கினவனும் சாடியைச் சுமந்து வந்தவனும் இந்தத் தரையில் நடந்துதான் வந்திருப்பார்கள், அவர்கள் கால் ஏரிக்கரை ஈரத்தில் பட்டிருக்கும். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய எண்ணம் பொறாமை.

போன தடவை பாலத்தடியில் ஒரு பையன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பீகார்க்காரன், கட்டட வேலைக்கு வந்தவன். காவடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டான். குருசாமி தோளில் வைத்தே கொடுத்துவிட்டார். அவன் அதைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது, பழக்கப்பட்ட தோள். அவர்கள் ஊரில் இதே மாதத்தில், அவர்களுக்கு அது ஷ்ராவணம், சுல்தான்கஞ்சில் கங்கை நீரை எடுத்துக் காவடியில் கட்டித் தேவ்கர் வைத்தியநாதர் கோயிலுக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்தக் காவடிக்கு அவர்கள் சொல்கிற பெயர் காவ்வட். “போல் பம்” என்று அவன் கத்த, எங்கள் பையன்கள் “அரோகரா” என்று கத்த, எதற்கு எது பதில் என்று தெரியாமல் இரண்டு கிலோமீட்டர் எங்களோடு நடந்தான். திரும்பிப் போகும்போது தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனான்.

வல்லத்தில் என் கம்பெனி வாசலைக் கடக்கிற நிமிஷம் விசித்திரமானது. செக்யூரிட்டிக்கு என்னைத் தெரியும், தினமும் பையைத் திறந்து பார்க்கிறவர். அன்றைக்கு எழுந்து நின்று கும்பிடுவார், “சாமி, தண்ணி” என்பார். வாசலுக்கு வெளியே அவர் ஒரு பானை வைத்திருப்பார். இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களில் இன்னும் சத்திரம் இருக்கிறது. போன் ஆலைகள் இருக்கிற சுங்குவார்சத்திரம், அதற்கப்பால் பாலுச்செட்டிசத்திரம், நாங்கள் மூன்றாம் நாள் தங்குகிற கனகம்மாசத்திரம். நடக்கிறவனுக்கு ஓரிரவுத் திண்ணையும் ஒரு வேளைச் சோறும் கொடுத்த இடங்கள். சத்திரம் போய்விட்டது, இப்போது பானை. மோர்ப் பந்தல் போடுகிறவர்கள் உண்டு, பானகம் கொடுக்கிற கடைக்காரர் உண்டு. அமெரிக்காவில் 1937-இல் முடிந்த அப்பலாச்சியன் நடைபாதை சுமார் 3,500 கிலோமீட்டர். அங்கேயும் வழியோரத்தில் முகம் தெரியாதவர்கள் நடக்கிறவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்களாம். வழி தெரிய மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். அங்கேயும் வெள்ளை பெயின்ட்! 1955-இல் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், தன் 67-ஆம் வயதில் சாதாரணக் கான்வாஸ் ஷூவோடும் தானே தைத்த ஒரு துணிப்பையோடும் அந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். கேன்டீன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “பையில என்னா வச்சிருந்தாங்களாம்?” என்று கேட்டார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு மணி ஷிப்ட் மாறும்போது சாலை நிரம்பிவிடும். அப்போது நடக்கக் கூடாது, எங்காவது ஒதுங்கிவிட வேண்டும். மூன்றரைக்கு மேல் ஆடி மாதத்து மேகம் மேற்கில் கட்டும். மழை பெய்தால் தார் ஆவி விடும், பாதம் ஊறித் தோல் இளகும், கொப்புளத்துக்கு அதுதான் வாசல். பையன்கள் மழையில் ஆடுவார்கள். நான் துண்டைப் பிழிந்து காலைத் துடைத்துக்கொண்டே நடப்பேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையைக் கடப்பது தனி வித்தை, அதை எழுதிக் காட்ட முடியாது. ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தால் ஆதிகேசவப் பெருமாள் கோயில். முருகன் யாத்திரைக்காரர்களுக்குப் பெருமாள் கோயிலில் என்ன என்று யாரும் கேட்டதில்லை. இது ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர். ரகசியப் பொருளைக் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு அவர் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஒரு வழிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். போக வர இருநூறு, பதினெட்டு தடவைக்கு 3,600. அப்பலாச்சியன் பாதையைவிடக் கொஞ்சம் கூடவே வருகிறது. கதையில் எல்லோரும் அவர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தைச் சொன்னதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பதினேழு வெறும் திரும்பல்கள்தான் பெரிதாகப் படுகின்றன. ஒவ்வொரு தடவையும் காலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி கிளம்பியிருக்கிறார்.

மண்டபத்தில் இருபது பேரும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்போம். கல் உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பெரிய டப்பில் சுற்றி வரும். முள்வாங்கியும் டார்ச் லைட்டும் கைமாறும். தெருக்காரப் பெண்கள் இட்லி கொண்டுவந்து வைப்பார்கள். இன்னும் மூன்று நாள், நாளைக்குத் திருவள்ளூர். ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை.

யாத்திரை முடிந்து வேலைக்குத் திரும்பினால் ஆடி மாதம் கழியும்வரை பஸ்ஸில் நான் தூங்குவதில்லை. முன்னால் இடது பக்கம் கிளீனர் ஸீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். வேறு ஊர்க் குழுக்கள் அப்போதும் நடந்துகொண்டிருக்கும். “அண்ணே, முன்னாடி ஆளு” என்று டிரைவரிடம் சொல்வதுதான் வேலை. அவருக்கு இப்போது பழகிவிட்டது. அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆடியில் பத்து மணிக்கு மேல் வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு முழம் வலது பக்கம் தள்ளி ஓட்டுங்கள். எங்களுக்குக் கால் வைக்க அங்கே வேறு இடம் இல்லை.